நிற்கும் பஸ்ஸின் முன்னால் கடக்காதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பஸ் விபத்துகள் பற்றியும் சாலையைக் கடப்பது பற்றியும் வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளைக் கேட்டவர்கள் வழக்கறிஞரிடம் போவதே நல்லது.

பச்சை விளக்கு எரிந்தபோதுதான் கடந்தேன். திரும்பி வந்த பஸ் என்மேல் உரசிவிட்டது. ‘நீங்கள் கண்ணிலேயே படவில்லை’ என்கிறார் ஓட்டுநர். இது பொய்தானே?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பஸ்ஸின் முன்கண்ணாடிக்கும் பக்கத்து ஜன்னலுக்கும் நடுவில் ஒரு தடித்த தூண் உண்டு. அதை ஒட்டியே பெரிய வெளிக்கண்ணாடியும் தொங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆளை முழுசாக மறைக்கும், சில இடங்களில் நாலைந்து பேரைக்கூட மறைத்துவிடும். ஓட்டுநர் தான் உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே திரும்பும்போது இது மோசமாகிறது, ஏனென்றால் தூண் அவர் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பஸ் திரும்பும் வேகமும் நீங்கள் நடக்கும் வேகமும் ஒத்துப்போய்விட்டால், நீங்கள் நகர நகர அந்த மறைவும் உங்களோடு கூடவே நகரும். கடைசி நொடி வரை நீங்கள் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள்.

இதனால் ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று ஆகாது. இருக்கையில் முன்னும் பின்னும் சாய்ந்து தூணைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது.

கார் நிற்கும் தூரத்தில் பஸ் நிற்காதா? இப்போதுதான் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் இருக்கிறதே.

நிற்காது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தூரத்தை அது மாயமாகக் குறைத்துவிடாது.

மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் பஸ் ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடும். கவனமாக இருக்கும் ஓட்டுநருக்கே ஆபத்தைப் பார்த்து காலை பிரேக்குக்குக் கொண்டுவர ஒரு நொடி ஆகிவிடும். ஏர் பிரேக்கில் காற்று போய் அழுத்தம் ஏற ஏறக்குறைய இன்னும் அரை நொடி. இதிலேயே 20 மீட்டர் போய்விட்டது, பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான். முழுசாக நிற்க மேலும் 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆக 40 மீட்டர், அதுவும் ஈரமில்லாத சாலையில். ஒரு கார் 30 மீட்டருக்குள் நின்றுவிடும். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள், சடாரென்று பிரேக் போட்டால் அவர்கள் விழுவார்கள். ஓட்டுநரின் கால் அதையும் நினைத்துக்கொண்டுதான் அழுத்தும்.

அதே பஸ் 30 கிலோமீட்டரில் வந்தால் 20 மீட்டருக்குள் நின்றுவிடும். அதாவது, 30-இல் வந்த பஸ் நின்றுவிட்ட இடத்தில்தான் 50-இல் வந்த பஸ்ஸுக்கு பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கிறது. பள்ளி, சந்தை, மருத்துவமனை பக்கத்தில் 30 என்று பலகை வைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மோதினால் என்ன ஆகும் என்பதும் வேறு. காரின் முன்பக்கம் தாழ்வானது, ஆள் பானெட் மேல் சரிவார். பஸ்ஸின் முன்பக்கம் சுவர் மாதிரி. நெஞ்சிலும் தலையிலும் நேராக இடித்து, ஆளை முன்னால் தள்ளி, அடியிலும் போட்டுவிடும்.

போனில் பேசிக்கொண்டே கடந்தால் என்ன? காது மட்டும்தானே அங்கே இருக்கிறது, கண் சாலையில்தானே?

கண் திறந்திருக்கும், ஆனால் மனம் பேச்சில் இருக்கும். பேச்சை நிறுத்துங்கள், கடந்து முடித்துவிட்டுப் பேசுங்கள்.

நிறுத்தத்தில் இறங்கியதும் அதே பஸ்ஸின் முன்னால் கடந்து எதிர்ப்பக்கம் போவேன். ஓட்டுநரே ‘போ’ என்று கை காட்டுவார். பத்து வருடமாக இப்படித்தான் போகிறேன், ஒன்றும் ஆகவில்லை. இதில் என்ன தப்பு?

இந்தக் கேள்வி எந்த வடிவில் வந்தாலும் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. பத்து வருடமும், அந்த ஒரு நொடியில் பஸ்ஸைத் தாண்டி வேறு வண்டி வரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

நிற்கும் பஸ் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவர். அதன் முன்னால் நீங்கள் நடக்கும்போது, பின்னாலிருந்து பஸ்ஸை முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோ நீங்கள் தெரிய மாட்டீர்கள், உங்களுக்கும் அது தெரியாது. பஸ்ஸின் வெளி ஓரத்தைத் தாண்டி காலை வைத்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறீர்கள். பைக் பஸ்ஸிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வருகிறது என்றால், அதன் பாதைக்குள் நீங்கள் போக ஒரு நொடிகூட ஆகாது. 40 கிலோமீட்டரில் வருபவர் அந்த ஒரு நொடியில் 11 மீட்டர் வந்துவிடுவார், பிரேக்கில் கால் வைப்பதற்கே அவருக்கு அந்த நேரம்தான் கிடைக்கிறது.

அந்தக் கை காட்டும் ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் தன் பஸ் உங்களை இடிக்காது என்ற ஒன்றைத்தான் அவரால் உறுதி சொல்ல முடியும். பின்னால் வருகிறவன் நிற்பானா என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கையசைப்பைப் பச்சை விளக்காக நினைத்து ஓடியவர்களைப் பற்றி நான் படித்த விபத்து அறிக்கைகள் ஒன்றிரண்டு அல்ல. ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது, யாருக்கும் கை காட்டாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நிற்க வேண்டுமானால் நில்லுங்கள், கடப்பதா வேண்டாமா என்பதை அவர்களே பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொரு ஆபத்து: முன்கண்ணாடிக்குக் கீழே, பம்பரை ஒட்டியிருக்கும் இடம் ஓட்டுநருக்குத் தெரியாது. குழந்தையோ குள்ளமானவரோ குனிந்து எதையாவது எடுப்பவரோ அங்கே இருந்தால், பஸ் கிளம்பும்போது நேராக அவர்மேல் ஏறும்.

சரி, பள்ளிப் பஸ்ஸுக்கு முன்னால் கடக்கத்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இன்னொருவர் மடக்கியிருக்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படித்தான். ஆனால் அங்கே பள்ளிப் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு, ‘நில்’ பலகையை நீட்டினால் மற்ற வண்டிகள் நின்றாக வேண்டும் என்று சட்டம். பிள்ளைகளையும் ஓட்டுநர் பார்வையில் படும்படி 3 மீட்டர் முன்னால் தள்ளி நடக்கச் சொல்கிறார்கள். நீங்கள் ஏறி இறங்கும் சாதாரண பஸ்ஸுக்கு அந்தப் பலகையும் கிடையாது, அந்தச் சட்டமும் கிடையாது.

பாதி குற்றம் நிறுத்தத்தை அமைப்பவர்கள் மேல். ஜீப்ரா கிராசிங்குக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தை வைத்தால், நிற்கும் பஸ்ஸே கிராசிங்கை மறைக்கிறது, இறங்குபவர்களும் பஸ்ஸின் முன்னால்தான் நடப்பார்கள். கிராசிங்கைத் தாண்டி நிறுத்தத்தை வைத்தால், இறங்கியவர்கள் பஸ் கிளம்பிய பிறகோ அதற்குப் பின்னால் நன்றாகத் தள்ளியோ கடப்பார்கள், பின்னால் வரும் வண்டிகளுக்கும் அவர்கள் தெளிவாகத் தெரிவார்கள். சாலைப் பொறியியல் படித்த எல்லோருக்கும் இது தெரியும். பலகையும் நிழற்குடையும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, மாற்றினால் செலவு என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவைக்கிறார்கள். உங்கள் நிறுத்தம் அப்படி இருந்தால் எழுதிக் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

அதுவரை, பஸ் போகட்டும், அப்புறம் கடங்கள். அது கிளம்ப அரை நிமிடம் ஆகுமா?

எவ்வளவு தூரத்தில் பஸ் வந்தால் கடக்கலாம்?

எந்தச் சாலை, எவ்வளவு அகலம், எந்த வேகத்தில் வண்டிகள் போகின்றன, கடப்பவரின் வயது என்ன? ஒன்றையும் எழுதாமல் தூரத்தை மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? அடுத்த முறை இவற்றையும் எழுதுங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு தருகிறேன். 7 மீட்டர் அகலச் சாலை. சாதாரண நடை நொடிக்கு 1.2 மீட்டர், கடக்க 6 நொடி. தயக்கத்துக்கும் தடுமாற்றத்துக்கும் 3 நொடி சேருங்கள். 50-இல் வரும் பஸ் அந்த 9 நொடியில் 125 மீட்டர் வந்துவிடும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் வயதானவருக்கு 165 மீட்டருக்கு மேல் வேண்டும், அதாவது ஒன்றரைக் கால்பந்து மைதானம். பெரிய வண்டி அதன் உருவத்தால் மெதுவாக வருவதுபோலத் தோன்றும் என்பதையும் மறக்காதீர்கள். சந்தேகம் வந்தால், பஸ் போகட்டும்.

நடைபாதை ஓரத்தில்தான் நின்றேன், சாலையில் இறங்கவே இல்லை. பஸ்ஸின் கண்ணாடி தலையில் அடித்துவிட்டது.

ஓரம் என்பதே பாதுகாப்பான இடம் இல்லை. வெளிக்கண்ணாடி பஸ்ஸின் உடம்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பல பஸ்களில் ஆள் தலை உயரத்திலேயே வரும். பஸ் நிறுத்தத்துக்குள் நுழையும்போது அந்தக் கண்ணாடி நடைபாதைக்கு மேலேயே வருகிறது. பஸ் வளைந்து வெளியேறும்போது வால்பகுதி எதிர்த்திசையில் வீசும், அரை மீட்டருக்கு மேல்கூட வீசும். முனையில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே அறுத்துக்கொண்டு வரும். முன்சக்கரம் தள்ளிப் போய்விட்டதே என்று நம்பி நின்றவரின் காலில் பின்சக்கரம் ஏறுவது இப்படித்தான். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், தெருமுனையில் இன்னும் தள்ளி.

கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடிப்பது தப்பா?

தப்பு. நீங்கள் ஓடிவரும் இடம் பின்சக்கரத்தின் பக்கம்.

அம்மாவுக்கு 74 வயது. பாதி தூரம் போவதற்குள் சிக்னல் மாறிவிடுகிறது. நடுவில் நிற்பதா, திரும்பி வருவதா?

திரும்பி வர வேண்டாம். நடுவில் மேடையான திட்டு இருந்தால் அதில் நிற்கட்டும், இல்லாவிட்டால் நடையை நிறுத்தாமல் நேராகப் போகட்டும். பாதியில் திரும்புபவர் எந்தப் பக்கம் போவார் என்று எந்த ஓட்டுநராலும் ஊகிக்க முடியாது.

பச்சை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்போது அம்மா காலை எடுத்து வைக்கக் கூடாது. அது எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த பச்சை விழுந்ததும், திரும்பும் வண்டிகள் நின்றுவிட்டனவா என்று பார்த்து, முதல் ஆளாகக் கிளம்பினால் முழு நேரமும் கிடைக்கும். பெரும்பாலான சிக்னல்களின் கணக்கு நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நடப்பவருக்குப் போட்டது, உங்கள் அம்மாவை நினைத்துப் போட்டதல்ல. நேரத்தைக் கூட்டச் சொல்லி மனு கொடுங்கள், அது விளக்கில் சில நொடிகளை மாற்றும் வேலைதான்.

என் மகனுக்கு 7 வயது, ரொம்பக் கெட்டிக்காரன். தனியாகப் பஸ் சாலையைக் கடக்க விடலாமா?

வேண்டாம். கெட்டிக்காரத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் திறன் பத்து வயதுக்கு முன் சரியாக வளர்ந்திருக்காது. எதிர்ப்பக்கம் நண்பனைப் பார்த்தால் எல்லா விதியும் மறந்துபோகும் வயது அது. கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள், போகும்போதே ‘இப்போது போகலாமா?’ என்று அவனைச் சொல்லவைத்துப் பழக்குங்கள்.

மின்சாரப் பஸ் வருவதே கேட்பதில்லை. பார்வை குறைந்தவன் நான், என்ன செய்வது?

நியாயமான கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் மின்சார வண்டிகள் எல்லாம், பஸ் உட்பட, மணிக்கு 20 கிலோமீட்டர் வரை செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும். அதற்கு மேல் டயர் சத்தமே கேட்கும். ஆனால் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இரைச்சல் மிகுந்த சாலையில் அந்த ஒலியும் அமுங்கிவிடும். சத்தத்தை மட்டும் நம்பாமல், ஒலி எழுப்பும் சிக்னல் உள்ள இடத்தில் கடங்கள், வெள்ளைக் கோலை முன்னால் நீட்டிப் பிடியுங்கள்.

இரவில் என்ன நிறம் உடுத்த வேண்டும்?

வெளிர் நிறம். அதைவிட நல்லது ஒளி திருப்பும் பட்டை. தாழ்ந்த ஹெட்லைட்டில் கறுப்பு உடை 30 மீட்டரில்தான் தெரியும், பட்டை 150 மீட்டரில் தெரியும். மேலே சொன்ன 40 மீட்டர் கணக்கோடு இதை ஒட்டிப் பாருங்கள். பட்டையைக் காலில் கட்டினால் அது அசைவதால் இன்னும் சீக்கிரம் கண்ணில் படும்.

நான் பஸ் ஓட்டுநர். ஜனங்கள் பார்க்காமல் குதிக்கிறார்கள், நான் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வருகிறேன். பழி மட்டும் எங்கள் மேல்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் ஹாரன் பிரேக் அல்ல. திடீர் ஹாரனுக்குப் பலர் விலக மாட்டார்கள், அப்படியே உறைந்து நிற்பார்கள். நிறுத்தத்தில் கூட்டம் தெரிந்தவுடனே காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக்குக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒரு நொடியில் பாதி உங்களுக்கு மிச்சமாகும். நின்றிருக்கும் இன்னொரு பஸ்ஸைத் தாண்டும்போது, அதன் முன்னாலிருந்து ஒருவர் கட்டாயம் வருவார் என்றே வைத்துக்கொண்டு மெதுவாகத் தாண்டுங்கள். கிளம்புவதற்கு முன் சாய்ந்து பாருங்கள். யாருக்கும் கை காட்டாதீர்கள்.

மோதிய பஸ்ஸுக்கு அடியில் ஆள் சிக்கியிருந்தால் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லலாமா?

சொல்லவே கூடாது. எடுத்தால் சக்கரம் இரண்டாவது முறை ஏறும். இன்ஜினை நிறுத்தி, கைபிரேக் போடச் சொல்லுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், மீட்புப் படைக்குப் போன் செய்யும்போதே ஆள் அடியில் சிக்கியிருக்கிறார் என்று சொல்லுங்கள், அதற்கேற்ற கருவியோடு வருவார்கள். தலையையும் கழுத்தையும் அசைக்க வேண்டாம். ரத்தம் கொட்டும் இடம் கைக்கு எட்டினால் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தூக்கி எறியப்பட்டவர் எழுந்து ‘ஒன்றுமில்லை’ என்று நடந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரிய சில மணி நேரம் ஆகலாம்.