கேள்வி–பதில்: மகனுக்கு ஒரு வாட்ச், அப்பாவின் ஹெச்.எம்.டி., கண்ணாடிக்குள் பனிமூட்டம்

தீபாவளி போனஸ் வரும் நேரத்தில் வாட்ச் பற்றிய கடிதங்களும் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்மார்ட் வாட்ச் பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். அது செல்போனின் தம்பி, அதற்கு இன்னொரு வாரம்.

என் மகனுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்க்குள், அவன் ரிட்டயர் ஆகும் வரை கட்டும்படி ஒரு வாட்ச் வாங்கித் தர ஆசை. "ஆட்டோமேட்டிக் வாங்குங்க சார், செல்லே போட வேண்டாம், ஆயுசுக்கும் ஓடும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? – திருச்சி வாசகர்

செல் போட வேண்டாம் என்பது உண்மை, கை அசைவிலேயே அதற்குச் சாவி ஏறிவிடும். ஆயுசுக்கும் ஓடும் என்பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கடைக்காரர் சொல்லமாட்டார், ஏனென்றால் அது அவர் கடையில் நடக்காது.

இந்த விலையில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக்குகள் பெரும்பாலும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஆறு. ஒரு நாளைக்கு 5 லட்சத்து 18 ஆயிரத்தைத் தாண்டும். தலைமுடி கனத்தில் இருக்கும் அச்சுகள் செயற்கை மாணிக்கக் கற்களுக்குள் சுற்றுகின்றன. நடுவில் இருப்பது ஒரு பொட்டு எண்ணெய். சில வருஷத்தில் அது காயும் அல்லது கெட்டியாகும். அப்போதும் வாட்ச் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். உலோகம் உலோகத்தை அரைப்பது அப்போதுதான் ஆரம்பம். அதனால் ஐந்திலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒரு முறை முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெய் விட வேண்டும். உங்கள் மகன் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்ப்பார் என்றால் ஐந்தாறு சர்வீஸ்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது "எத்தனை வருஷம் வாரண்டி?" என்பதல்ல. "இதற்குள் இருக்கும் மெஷின் எது? பதினைந்து வருஷம் கழித்து இதை யார் திறப்பார்கள், என்ன பாகம் போடுவார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

மெஷின் எது என்று தெரிந்தால் பாதி கவலை போய்விடும். சீக்கோவின் 4ஆர்36 மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 கல், முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். கையாலும் சாவி கொடுக்கலாம், சாவியை இழுத்தால் வினாடி முள் நின்று நேரம் வைக்க வசதி செய்யும். இதே மெஷினை என்.ஹெச்.36 என்ற பெயரில் மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிறார்கள். தேதி மட்டும் காட்டும் என்.ஹெச்.35 அதன் உடன்பிறப்பு. எத்தனையோ பிராண்டு வாட்ச்களின் பின்மூடியைத் திறந்தால் இதுதான் இருக்கும். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8200 வரிசை 1970களிலிருந்தே வருகிறது. இவற்றில் ஏதாவது உள்ளே இருந்தால் பாகம் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் மெஷினையே புதிதாக மாற்றிவிடலாம், மெஷினை மூடியிருக்கும் கேஸும் டயலும் அப்படியே இருக்கும்.

துல்லியத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 4ஆர்36க்குக் கம்பெனியே சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு 45 வினாடி வேகம் முதல் 35 வினாடி தாமதம் வரை. பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் அந்த எல்லைக்குள் இருந்தால் அது பழுது அல்ல, மாற்றித் தரமாட்டார்கள். வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தை வைத்து, செல்லில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதத்தில் 15, 20 வினாடி தவறும். நேரம்தான் முக்கியம் என்றால் பந்தயமே இல்லை. குவார்ட்ஸ் என்றால் மட்டம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மூன்று முள், ஒரு தேதி, அவ்வளவுதான் என்கிற எளிய குவார்ட்ஸ் வாட்ச் முப்பது வருஷம் ஓடி நானே பார்த்திருக்கிறேன். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், நம் ஓசூரிலேயே வாட்ச் செய்கிறது. அதன் சர்வீஸ் சென்டர் பல ஊர்களில் இருக்கிறது என்பதே பெரிய தகுதி.

மெஷினுக்கு அடுத்தது உடம்பு. கேஸ் முழுக்க 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். தங்க முலாம் நம் வியர்வைக்கு நிற்காது. முதலில் ஸ்ட்ராப் மாட்டும் காதுப் பக்கம் வெளுக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் பித்தளை பல்லிளிக்கும். கண்ணாடி சஃபையராக இருந்தால் நல்லது. சாதா மினரல் கண்ணாடியில் கீறல் போடுவது கத்தியோ சாவிக்கொத்தோ அல்ல, தெருப்புழுதியில் இருக்கும் மணல். அது மினரல் கண்ணாடியைவிடக் கடினம், சஃபையர் அதைவிடவும் கடினம். பின்மூடி திருகுமூடியா என்று பாருங்கள். ஸ்ட்ராப் பொருந்தும் இடத்தின் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொது அளவில் இருக்கட்டும். கேஸோடு ஒட்டிப் பிறந்த மாதிரி வரும் செயின்கள் பார்க்க அழகு. ஒரு கண்ணி உடைந்தால் அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரிடமும் கிடைக்காது.

சட்டைக்கும் செருப்புக்கும் பேர் போன பிராண்டுகளின் வாட்சை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அங்கே நீங்கள் பணம் கொடுப்பது பெயருக்கு.

தினமும் கட்டுகிற பிள்ளை, கொஞ்சம் பொறுமைசாலி என்றால் ஆட்டோமேட்டிக். வாரத்துக்கு இரண்டு நாள்தான் கட்டுவார் என்றால் வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் சிட்டிசன் எக்கோ-டிரைவ் மாதிரி ஒன்று. முப்பதாயிரத்தையும் வாங்கும்போதே செலவழிக்காதீர்கள். முதல் சர்வீஸுக்குக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

அப்பா 1979இல் வாங்கிய ஹெச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச். அவர் போனபின் பதினைந்து வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. இப்போது சாவி கொடுத்தால் நாலு நிமிஷம் ஓடி நிற்கிறது. ரிப்பேர்காரர், "மெஷின் போச்சு, உள்ளே குவார்ட்ஸ் மெஷின் போட்டுத் தரேன், நல்லா ஓடும்" என்கிறார். – மதுரை வாசகி

வேண்டாம் அம்மா. அந்தக் கடையிலிருந்து முதலில் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நாலு நிமிஷம் ஓடுகிறது என்றால் மெஷின் போகவில்லை. ஸ்பிரிங் இழுக்கிறது, துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரம் ஆடுகிறது. காய்ந்துபோன எண்ணெய்தான் பிடித்து நிறுத்துகிறது. முழுக்கக் கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இனி சாவி கொடுத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் தேய்மானம்.

குவார்ட்ஸ் போடுவது என்றால் என்ன நடக்கும் தெரியுமா? டயலுக்குப் பின்னால் மெஷினில் செருகிக்கொள்ள இரண்டு சின்னக் கால்கள் உண்டு. புது மெஷினில் அதற்கான துளை வேறு இடத்தில் இருக்கும். கால்களை வெட்டிவிட்டு டயலை ஒட்டுவார்கள். பழைய முட்கள் புது அச்சில் உட்காராது, அவையும் போகும். மிச்சம் இருப்பது கேஸ் மட்டும். உங்கள் அப்பாவின் மெஷின் எங்கே போகும்? இன்னொருவர் வாட்சுக்கு உதிரிபாகமாக. என் மாமாவின் வாட்சை இப்படித்தான் ஒரு கடையில் கொடுத்து ஏமாந்தேன். பழைய மெஷினைக் கேட்டபோது "குப்பையில போட்டாச்சு" என்றார்கள்.

ஹெச்.எம்.டி. 1961இல் சிட்டிசனின் கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஜனதாவின் 17 கல் மெஷின் அந்தப் பரம்பரைதான். மணிக்கு 18,000 துடிப்பு, நிதானமான ஓட்டம். ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனாலும் லட்சக்கணக்கில் விற்ற வாட்ச் என்பதால் கழித்துப்போட்ட வாட்ச்களிலிருந்து பாகம் கிடைக்கிறது. பாகம் தெரிந்த ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறார்.

ஆளைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "முழுக்கக் கழற்றிக் கழுவுவீர்களா, மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பீர்களா?" முக்கி எடுத்தால் அழுக்கு கரைந்து கல் துளைக்குள்ளேயே தங்கிவிடும், நாலு மாதத்தில் மறுபடி நிற்கும். கேள்வியைக் கேட்டதும் சிரிப்பவர் நல்லவர், கோபப்படுபவரைத் தவிருங்கள். டைம்கிராஃபர் கருவி வைத்திருந்தால் இன்னும் நல்லது. வாட்ச் துடிப்பதைக் கேட்டு ஓட்டத்தை அளந்து காட்டும், சர்வீஸுக்கு முன்னும் பின்னும் காட்டச் சொல்லலாம்.

கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி செல்போனில் படம் எடுங்கள். ரசீதில் "மாற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். டயலுக்குப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், மஞ்சள் பூத்திருந்தால் இருக்கட்டும். கண்ணாடியை மட்டும் தாராளமாகப் பளபளப்பாக்கலாம். அது பிளாஸ்டிக்தான், தேய்த்தால் கீறல் போய்விடும்.

ஓட ஆரம்பித்தபின் தினமும் காலையில் காபிக்கு முன்னால் சாவி கொடுங்கள். கையில் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். "அதிகமாகச் சாவி கொடுத்துக் கெட்டுவிட்டது" என்று வரும் வாட்ச்களில் பெரும்பாலானவை உங்களுடையது மாதிரி எண்ணெய் காய்ந்தவைதான்.

அதே ஹெச்.எம்.டி. ஆன்லைனில் ஆரஞ்சு, பச்சை, மயில் நீலம் என்று ஜொலிக்கிற டயலோடு மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா? – சேலம் வாசகர்

பொம்மையாக வாங்கலாம், பொக்கிஷமாக வேண்டாம். பல பழைய வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பது ஒரு தனித்தொழில். எழுத்து கொஞ்சம் தடித்து, ஓரம் மசங்கியிருக்கும். கேஸின் விளிம்புகள் பாலிஷ் போட்டுப் போட்டுச் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பாகியிருக்கும். மெஷின் படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதியிருக்கிறது. நான் கிணற்றில் கூட இறங்கவில்லை, குளித்தேன், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் பனி மூட்டிவிட்டது. இரண்டு மாதம் முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல் மாற்றினேன், வேறு எதுவும் செய்யவில்லை. – நாகர்கோவில் வாசகர்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பின்மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். மூடியைத் திறந்து மூடும்போது அது முறுக்கினாலோ, பழையதையே காய்ந்தபடி போட்டாலோ, டயலில் எழுதியிருக்கும் 50 மீட்டருக்கு அர்த்தமில்லை. அந்த எண்ணும்கூட ஆழம் அல்ல, புது வாட்சைச் சோதித்த அழுத்தம். 30 மீட்டர் என்றால் மழைத்தூறல், கை கழுவுதல். 50க்குக் குளிர்ந்த நீர் பரவாயில்லை. நீச்சலுக்கு 100 வேண்டும். வெந்நீரும் சோப்பும் எதற்குமே ஆகாது.

இன்றே திறந்து உலர்த்தக் கொடுங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைக்காதீர்கள், அதற்குள் முட்கள் துருப்பிடிக்கும். கடல் நீர் போயிருந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது.

செல் விஷயத்திலும் ஒன்று. எஸ்.ஆர். 626 என்பதும் எல்.ஆர். 626 என்பதும் ஒரே அளவு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதலாவது சில்வர் ஆக்சைடு, கடைசி வரை ஏறக்குறைய 1.55 வோல்ட்டிலேயே நிற்கும். இரண்டாவது ஆல்கலைன், விலை குறைவு, சீக்கிரம் இறங்கும், கசிந்து மெஷினை அரிக்கும் வாய்ப்பும் அதிகம். எது போடுகிறார் என்று கண்ணால் பாருங்கள். வினாடி முள் இரண்டிரண்டாக, நாலு நாலாகத் தாவ ஆரம்பித்தால் பல வாட்ச்களில் செல் தீரப்போகிறது என்று அர்த்தம்.

நன்றாக ஓடிய ஆட்டோமேட்டிக் திடீரென்று நாளைக்குப் பத்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது. கீழே விழவில்லை. – கோவை வாசகி

ராத்திரி எங்கே கழற்றி வைக்கிறீர்கள்? ஸ்பீக்கர் மேலா, காந்த மூடி போட்ட டேப்லெட் பக்கத்திலா? பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளம் குறைந்த மாதிரி நடந்துகொள்ளும், வாட்ச் ஓட்டம் பிடிக்கும். சின்னத் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், ஊசி ஆடினால் அதுதான். காந்தம் நீக்கும் கருவி நல்ல கடைகளில் இருக்கும், ஐந்து நிமிஷ வேலை. இதற்கு யாராவது முழு சர்வீஸ் சார்ஜ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய எட்டாம் நாளே நின்றுவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம் என்கிறார்கள். – வேலூர் வாசகர்

அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை.

கல்யாணத்துக்கு வந்த மூன்று வாட்ச் பீரோவில் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது? – தஞ்சாவூர் வாசகி

குவார்ட்ஸ் என்றால் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். பீரோவில் இருக்கும் வாட்சைக் கொல்வது கசிகிற செல்தான். தோல் ஸ்ட்ராப்பைத் தனியே எடுத்துவிடுங்கள், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி விற்கிறார்கள், அது வேண்டாம். சும்மா ஓடினாலும் தேயும்.

நின்றிருந்த வாட்சை எடுத்துக் கட்டும்போது தேதியை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இரவு ஒன்பதிலிருந்து காலை மூன்று வரை தேதிச் சக்கரம் பல்லோடு பல் கோத்திருக்கும், அப்போது திருப்பினால் பல் உடையலாம். முட்களை ஆறரைக்குக் கொண்டுவந்து, தேதியை நேற்றைய தேதியில் வைத்துவிட்டு, பிறகு முட்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். தேதி மாறும் இடம்தான் நடுராத்திரி. அங்கிருந்து இப்போதைய நேரத்துக்கு வந்து நிறுத்துங்கள்.