மறு: வகுப்பை ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறேன்; அங்கே பழைய ஆவணத்தை மாணவர்கள் தொட அனுமதி இல்லையாம், என்ன செய்வது?

மூலத்தைக் கேட்காதீர்கள், அசல் அளவில் வண்ண நகல் கேளுங்கள். நாலு பிள்ளைகளுக்கு ஒன்று, ஆக உங்கள் 40 பேருக்குப் பத்து. கூடவே ஒரே ஒரு மூலத்தைக் காப்பாளரே புரட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மறுத்தது உங்கள் மாணவர்கள் மேல் உள்ள சந்தேகத்தால் இருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம். மடிப்பில் பழுப்பேறி, விரல் பட்டாலே சருகு மாதிரி உதிரும். நாற்பது கை தாங்காது.

போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: நகலை வாங்கி நீங்களே உரக்கப் படியுங்கள். முதல் நாலு வரிக்குள் கையெழுத்து உங்களையே தடுக்கினால் வேறு ஆவணம் கேளுங்கள். என் தேர்வு எப்போதும் பழைய பள்ளி வருகைப் பதிவேடுதான். தங்கள் வயதுப் பிள்ளை ஒருவன் வாரக்கணக்கில் வரவில்லை என்று பார்த்ததும் மாணவர்கள் 'ஏன் சார்?' என்று தானாகவே ஆரம்பிப்பார்கள். பயிற்சித்தாளே வேண்டியிருக்காது.

ஒன்று மட்டும்: அண்மைக்காலப் பதிவேடுகளில் தனிநபர் விவரம் இருப்பதால் தர மாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். பேனாவும் உள்ளே விட மாட்டார்கள், பென்சில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.