லேப்ராஸ்கோப்பி முடிந்ததும் மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி மாத்திரை தேவையில்லையா?

உங்கள் அக்காவுக்குச் சினைப்பைக் கட்டியை லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையில், எடுக்கப்போகிறார்கள், துளை போட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசி போடுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்படியானால் மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை கட்டாயம் தேவை. அறுவை சிகிச்சை முடிந்த பெண்களைக் கவனிக்கும் வார்டில் செவிலியராக இருக்கிறேன். இது புரியாமல் முதல் இரவில் வீணாகத் துடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன்.

பெரும்பாலும் போடுவது பூபிவக்கைன் என்ற மருந்து. தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் இரண்டு மூன்று சிறு துளைகள். அவற்றைச் சுற்றி ஊசி போட்டால் அங்குள்ள நரம்புகள் ஏறக்குறைய 4 முதல் 8 மணி நேரம் மரத்திருக்கும். காலையில் அறுவை சிகிச்சை நடந்தால் சாயங்காலம் அந்தப் பெண் தெம்பாக உட்கார்ந்திருப்பார். மாத்திரையை நீட்டினால், "வலியே இல்லையே சிஸ்டர், எதற்கு?" என்று தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். இரவில் மரப்பு விட்ட பிறகு ஒருக்களித்துப் படுக்கவோ, சிறுநீர் கழிக்க எழவோ முயலும்போது தையல் சுரீரென்று இழுக்கும். அப்போது மாத்திரை போட்டால் அது வேலை செய்ய அரைமணி நேரமாவது ஆகும். அதனால் பாரசிட்டமாலோ, டாக்டர் எழுதிக்கொடுத்த வேறு வலி மாத்திரையோ, மரப்பு இருக்கும்போதே நேரம் தவறாமல் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்; டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. பிரசவ வலியையே தாங்கியவள், இதெல்லாம் ஒரு வலியா என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி அடங்கியிருந்தால்தான் அவரால் மூச்சை இழுத்துவிட முடியும், சீக்கிரம் எழுந்து நடக்க முடியும்.

இன்னொன்று, இந்த ஊசி தோலையும் அதன் கீழுள்ள தசையையும்தான் மரக்கச் செய்கிறது. உள்ளே கட்டி எடுத்த இடத்தின் வலிக்கு அது எட்டாது. சில டாக்டர்கள் வயிற்றுக்குள்ளும் இந்த மருந்தைத் தெளிப்பார்கள். முதல் சில மணி நேரத்துக்கு ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

தோள்பட்டை வலியையும் எதிர்பார்த்திருங்கள். அறுவை சிகிச்சையின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது. அந்த உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புகள் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. இதயக் கோளாறோ என்று பயந்து அழுத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொதுவாக இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். ஆனால் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஊசியைக் கூடுதலாகப் போடச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் என்று எடையை வைத்து வரம்பு கட்டுகிறார்கள். 50 கிலோ எடை என்றால் 100 மில்லிகிராம். அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம். பல் பிடுங்கும்போது போட்ட மரத்துப்போகும் ஊசியில் அக்காவுக்கு ஏதாவது தொந்தரவு வந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு உப்பிக் கல்லாக இறுகுவது என்று எது வந்தாலோ, மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.