மரத்த கை சூடு சொல்லாது

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 55. பனிக்காலத்தில் விரல்கள் மரத்துப்போய்த்தான் வீடு திரும்புகிறார். நான் விளாவி வைக்கும் வெந்நீர் எனக்கு வெதுவெதுப்பு, அவரோ கை வைத்ததும் "கொதிக்கிறதே!" என்று இழுத்துக்கொள்கிறார். போன வாரம் தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்பில் கை காய்ந்தபோது, தோல் கொப்பளித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஏன் இப்படி?

பதில்: அம்மா சொல்வது இரண்டும் உண்மை. தோலில் இருப்பது வெப்பமானி அல்ல, வெறும் நரம்பு நுனிகள். அவற்றின் சவ்வில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உண்டு. ஒரு வகை, தோல் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் திறக்கும். இன்னொன்று 43 டிகிரியைத் தாண்டினால் திறக்கும். திறந்ததும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய, மின்துடிப்பு மூளைக்கு ஓடுகிறது. இந்த ஆய்வுகளுக்காகத்தான் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். மிளகாயின் காரமும் அந்த 43 டிகிரி வாயிலையே திறக்கிறது. காரம் தின்றவர் "எரிகிறது" என்பது அதனால்தான்.

இந்த நுனிகள் மாற்றத்தைத்தான் உரக்கச் சொல்லும். இன்றிரவே பாருங்கள்: ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மற்றதை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான ஒரே பாத்திரத்தில் விடுங்கள். ஒரு கை சூடு என்னும், மற்றது குளிர் என்னும். பனியில் நனைந்த இலைகளை மணிக்கணக்கில் பறித்த கைக்கு உங்கள் வெந்நீர் கொதிப்பதில் வியப்பில்லை.

கொப்புளம்தான் எனக்குக் கவலை தருகிறது. தோல் 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் நரம்பே மந்தமாகிவிடும். வலிச் செய்தியும் தேங்கும். போதாததற்கு, நீலகிரித் தைலத்திலுள்ள சினியோல் குளிர் வாயிலைத் திறந்துவிடுகிறது. சூடேறும் தோலும் குளிர்வதாகத் தோன்ற, கை இன்னும் நெருப்பை நெருங்கக்கூடும்.

ஆகவே தைலமும் நெருப்பும் சேரவே வேண்டாம். வந்ததும் ஈரத்தைத் துடைத்து, கைகளை அக்குளில் பத்து நிமிடம் வைத்திருக்கட்டும். பிறகு வெதுவெதுப்பான நீர். அதன் சூட்டை உங்கள் முழங்கையால் நீங்களே பாருங்கள், அம்மாவின் விரலிடம் கேட்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், ஆறாவிட்டாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீரிழிவு இருந்தால் நரம்பு நுனிகள் கோடையிலும் உணர்விழந்திருக்கலாம். விரல்கள் வெளுத்து, நீலம் பூத்து, பிறகு சிவந்தாலோ, கை சூடான பிறகும் மரமரப்பு நீடித்தாலோ, பனிக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.