அண்டா வேண்டாம், பை மட்டும் அனுப்புங்கள்

கேள்வி (வாசகி, அவிநாசி): தம்பி மான்செஸ்டரில் இருக்கிறான். இதுவரை டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே பீர் செய்துகொண்டிருந்தவன், இனி தானியத்திலிருந்தே காய்ச்சப் போகிறானாம். ஆல் கிரெய்ன் என்கிறான். மூன்று அடுக்கு ஸ்டாண்டு, மூன்று பாத்திரம், பம்பு என்று ஒரு பட்டியலே வந்திருக்கிறது. "அக்கா, அனுப்பர்பாளையத்தில் சொல்லி மூணு எவர்சில்வர் அண்டா செஞ்சு அனுப்பு" என்கிறான். எனக்கு அந்த வாடையே ஆகாதுங்க, ஆனாலும் தம்பி கேட்டுவிட்டான். செய்து அனுப்பலாமா?

பதில்: மூன்று எதற்கு, ஒன்று போதும். அந்த ஒன்றையும் அவர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். அனுப்பர்பாளையத்துக் கைவேலையைக் குறை சொல்லவில்லை. 35 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள அண்டா சுமார் 38 லிட்டர் பிடிக்கும், அதைப் பெட்டியில் போட்டால் 40க்கு 40க்கு 45 ஆகிவிடும். கூரியர்காரர்கள் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வெறும் காற்றுக்கும் சேர்த்து 14 கிலோவுக்கு மேல் கட்டணம் போடுவார்கள். தவிர, அவர் வீட்டு அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் 304 ரக எவர்சில்வர் தகட்டில் அடித்த அண்டா அதில் சூடே ஏறாது, காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் இங்கே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று பாத்திரம் எங்கிருந்து வந்தது என்றால், ஒன்று வெந்நீருக்கு, ஒன்று உடைத்த மால்ட்டை ஊறவைக்க, ஒன்று வடித்த சாற்றைக் கொதிக்கவைக்க. பெரிய ஆலைகளின் முறை அது. 2006 வாக்கில் ஆஸ்திரேலியாக்காரர்கள் சிலர் ஒரே அண்டாவுக்குள் துணிப்பையை விரித்து, அதில் தானியத்தைக் கொட்டி ஊறவைத்து, பையைத் தூக்கிவிட்டு அதே அண்டாவில் கொதிக்கவைத்தார்கள். பீர் நன்றாகவே வந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஸ்டாண்டும் பம்பும் ஒரு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

20 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 5 கிலோ மால்ட், 28 லிட்டர் தண்ணீர். தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தைப் போட்டால் 67-க்கு இறங்கி நிற்கும். அங்கேயே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அந்தச் சூட்டில்தான். 64, 65 என்றால் பீர் மெலிந்து வரும், 69 என்றால் கனமாக, கொஞ்சம் இனிப்பு தங்கி வரும், 75-ஐத் தாண்டிவிட்டால் நொதிகள் செத்துவிடும். ஆகவே அண்டாவில் மிச்சம் பிடித்தாலும் தெர்மாமீட்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வாங்கிய அன்றே ஐஸ் தண்ணீரில் வைத்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊறும்போது அண்டாவைப் பழைய போர்வையில் சுற்றிவைத்தால் போதும்.

தானியம் 4 லிட்டர் குடித்துவிடும், ஒரு மணி நேரக் கொதியில் இன்னொரு 4 லிட்டர் ஆவியாகும், மிச்சம் 20. பையைத் தூக்கும்போது 9 கிலோ சுடுசுமை என்பதை மறக்கக் கூடாது, மேலே ஒரு கொக்கியும் கயிறும் இருந்தால் கை சுடாமல் தப்பும்.

இந்தப் பைதான் நீங்கள் அனுப்ப வேண்டியது! திருப்பூர் பக்கம் இருந்துகொண்டு பனியன் துணியில் தைத்துவிடாதீர்கள், இழுபடும், துவாரம் அடைத்துக்கொள்ளும். பருத்தியே வேண்டாம், சாற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த முறைக்குள் புளித்து நாறும். சாயம் போடாத வெள்ளை பாலியஸ்டரில் ‘வாயில்’ (voile) எனப்படும் மெல்லிய நெய்த துணி ஈரோட்டு ஜவுளிக் கடைகளில் கிடைக்கும். சுற்றளவு அண்டாவைவிட ஒரு சாண் கூடுதல், பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையல், பையின் வாய்க்கு நாடா. மடித்தால் உள்ளங்கை அளவுதான்.

மற்றவை சுருக்கமாக. மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்கட்டும், உருளை மில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொதித்த சாற்றை ஆறவைக்கச் செம்புச் சுருள் குழாய் நல்லது, இல்லையென்றால் முதலில் அண்டாவைக் குளியல் தொட்டியில் குளிர்ந்த நீரில் இறக்கிவைக்கலாம். மூடியில் காற்றடைப்பான் (உள்வாயு வெளியேறும், வெளிக்காற்று புகாது) வைத்த 25 அல்லது 30 லிட்டர் உணவுத்தர பக்கெட் ஒன்று, அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர், கழுவாமலே விடக்கூடிய அமிலக் கிருமிநாசினி ஒன்று. டப்பா மால்ட்டில் செய்தவர் என்பதால் இவை ஏற்கெனவே அவரிடம் இருக்கும்.

என் கணக்கில் மிச்சப் பணம் போக வேண்டியது புளிக்கும் இடத்துக்கு. ஏல் என்கிற பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும், ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும் என்பதால் பக்கெட்டுக்குள் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடும். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, முடிந்தது. பளபளக்கும் அண்டாவில் காய்ச்சி 27 டிகிரியில் புளிக்கவிட்ட பீரைவிட, நசுங்கிய அண்டாவில் காய்ச்சி 19-ல் புளித்தது எத்தனையோ மேல். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அளவு மிஞ்சிப் போட்டால் பாட்டில் வெடிக்கலாம். இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது.

கேள்வி (வாசகர், கோபி): அதே பையும் அண்டாவும் வாங்கி நம்ம தோட்டத்துச் சாளையில் செய்து பார்க்கலாமுங்களா? விற்க இல்லீங்க, நமக்கு மட்டும்.

பதில்: கூடாதுங்க. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், நமக்கு மட்டும் என்றாலும் குற்றம்தான். ராஜாஜி காலத்தில் மதுவிலக்கு முதலில் அமலானதே பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான், அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி. தென்னங்கள்ளுக்கே அனுமதி கேட்டு நம் விவசாயிகள் வருடக்கணக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், சாளையில் பீர் என்றால் போலீஸ் சும்மா விடுமா?

கேள்வி (வாசகர், தாராபுரம்): பார்லிதான் வேண்டுமா? சோளத்தில் பீர் வராதா?

பதில்: வரும், ஆப்பிரிக்காவில் காலங்காலமாகச் செய்கிறார்கள். நைஜீரியா 1988-இல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தபோது அங்கத்திய ஆலைகள் சோளத்துக்கு மாறின. ஆனால் தொடக்கக்காரருக்கு ஆகாது. பார்லி மாவுச்சத்து நொதிகள் உயிரோடிருக்கும் சூட்டிலேயே குழைந்துவிடும், சோளத்துக்கு அதைவிடச் சூடு வேண்டும், அதற்குள் நொதிகள் போய்விடும். தவிர, பார்லியின் உமியே வடிகட்டிபோல நின்று சாற்றைத் தெளிவாக இறக்கும், சோளத்தில் அது கிடையாது. முளைகட்டிய தானியத்தில் ஆசை என்றால் ராகியை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளை வந்ததும் வெயிலில் காயவைத்து, வறுத்து மிக்ஸியில் அரைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சுங்கள். அதுவும் மால்ட்தான், உரிமமும் வேண்டாம்.