பட்டா அண்ணன் பேரில், பங்கு யாருக்கு?

(பதில்கள் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு.)

கேள்வி: ஐயா, எனக்கு 1985-ல் கல்யாணம். பூர்வீக நிலம், பாகம் பிரிக்கவில்லை. அப்பா 2001-ல் தவறிவிட்டார். "89-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்கிறார் அண்ணன்.

பதில்: அண்ணன் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறார், அம்மா. அந்த நிபந்தனை இந்து வாரிசுச் சட்டத்துக்கு 1989-ல் வந்த தமிழ்நாடு திருத்தத்தில் இருந்தது. 2005 செப்டம்பர் 9-ல் அமலான மத்தியத் திருத்தத்தில் அது இல்லை. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே விற்றிருந்தாலோ, பதிவுப் பத்திரம் போட்டுப் பாகம் பிரித்திருந்தாலோ சிக்கல். அதனால் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சண்டை அப்புறம்.

கேள்வி: பட்டா அண்ணன் பேரில். இருபது வருஷமாக உழுவதும் அவர்தான்.

பதில்: உழட்டும். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, உரிமையைச் சொல்வது மூலப்பத்திரம். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் கருதப்படும். 'உங்களுக்குப் பங்கே இல்லை' என்று வெளிப்படையாக மறுத்து 12 வருஷம் ஓட்டினால் கதை மாறலாம். அப்படி மறுத்துவிட்டாரா? உடனே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா சொத்து பேரனுக்குத்தானே? அப்பா விற்கப் பார்க்கிறார்.

பதில்: டீக்கடையில் அதிகம் அடிபடும் சட்டம் இதுதான், பாதிக்கு மேல் தப்பு. தாத்தாவுக்கு நிலம் எப்படி வந்தது, தம்பி? அவரே சம்பாதித்துக் கிரையம் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், உங்கள் பாட்டி, அப்பா, அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச்சொத்து. அதை அவர் விற்கலாம், பேரன் என்று தடுக்க முடியாது. நிலம் தலைமுறையாக வந்த பூர்வீகமாக இருந்தால்தான் பிறப்பிலேயே பங்கு என்ற பேச்சு. மூலப்பத்திரத்தைத் தேடுங்கள்.

கேள்வி: அப்பாவிடமிருந்து வந்த நிலத்தில் அக்கா தன் பங்கை வெளியாளுக்கு விற்கிறார். தடுக்கலாமா?

பதில்: பிரிக்காத பங்கையும் விற்கலாம். ஆனால் வாரிசுச் சட்டம் 22-ம் பிரிவுப்படி, கூடப் பங்குள்ள வாரிசான உங்களுக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். கையில் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: மகன் இறந்துபோனால் தாய்க்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. உயில் இல்லையென்றால் மனைவி, பிள்ளைகளோடு சமமாக. வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் விடுபட்டிருந்தால் தாசில்தாரிடம் இப்போதே திருத்தம் கேளுங்கள்.