சூடு தாங்காத டயோடு

கேள்வி: பழைய ரேடியோவுக்காக ரிச்சி தெருவில் ஜெர்மானியம் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்னப் பாகம்) வாங்கினேன். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும்போது கெட்டுவிடுமோ?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் பயம் நியாயம்தான். சிலிக்கானைவிட ஜெர்மானியம் சூட்டுக்குச் சீக்கிரம் கெடும். டயோடின் கம்பிக் கால்களை ஒட்ட நறுக்காமல் நீளமாகவே விடுங்கள். சால்டர் வைக்கும் இடத்துக்கும் கண்ணாடி உடம்புக்கும் நடுவே காலில் ஒரு முதலை கிளிப்பை (பல் வைத்த உலோகக் கவ்வி) மாட்டுங்கள். ஏறி வரும் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஈயம் பளபளவென்று பரவியதும் சால்டரிங் அயர்னை எடுத்துவிடலாம். கிளிப்பை மட்டும் இணைப்பு ஆறும்வரை எடுக்காதீர்கள்.

63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம் கலந்தது) 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், 25 வாட் அயர்னே போதும். கறுத்த முனையை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பதுதான், என்னைக் கேட்டால், பாதிப் பாகங்களைக் கொல்கிறது. துடைத்து ஈயம் பூசிய முனை இரண்டு மூன்று நொடியில் வேலையை முடித்துவிடும். அப்புறம், ஐசி (பல பாகங்கள் அடங்கிய சிப்) என்றால் அதைச் செருகும் பேஸை மட்டும் சால்டர் செய்துவிட்டு, ஆறிய பிறகு ஐசியைச் செருகுங்கள்.